கையெழுத்து வரிசையும் ஓ.பி. வரிசையும்

புத்தகத் திருவிழாவில் எழுத்தாளர்கிட்ட கையெழுத்து வாங்க நிற்கிற வரிசையைப் படம் எடுத்துப் போட்டு, "படிச்சா போதாதா, ஆளையும் பார்க்கணுமா?" என்று ஒருத்தர் கேட்டிருந்தார். கீழே நூற்றுக்கணக்கில் சிரிப்பு எமோஜி. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏன்னு சொல்றேன். த்ரெட் கொஞ்சம் நீளம், டீயை வெச்சுக்கிட்டு படிங்க.

நான் எழுத்தாளர் இல்லை. திருவண்ணாமலையில் இருக்கிற ஓர் அரசு மருத்துவமனை டாக்டர், எம்.பி.பி.எஸ். இலக்கியம் பற்றிப் பேச எனக்குத் தகுதி இருக்கான்னு தெரியாது. வரிசை பற்றிப் பேச இருக்கு. காலையில் ஓ.பி. வரிசை, அப்புறம் மாத்திரை வாங்குற வரிசை, பௌர்ணமி வந்தால் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் முகாம் போட்டு உட்கார்ந்தால் கால் கொப்புளத்துக்கும் தலைசுற்றலுக்கும் விடிய விடிய வரிசை. அதே மாதிரி புத்தகத் திருவிழாவிலும் மூலையில் ஒரு மருத்துவ ஸ்டால் இருக்கும், பார்த்திருப்பீங்க. பி.பி., சுகர் பார்ப்போம். அந்த டியூட்டிக்கு யாரும் அடிச்சுப்பிடிச்சு வர மாட்டாங்க. நான் கேட்டு வாங்கிக்கிட்டுப் போவேன்.

அங்கே உட்கார்ந்தால் எதிரே கையெழுத்து மேசை நல்லாத் தெரியும். கையெழுத்துப் போட எவ்வளவு நேரம் ஆகும்? பெயர் கேட்டு, "அன்புடன்" எழுதி, தேதி போட்டால் பதினைந்து விநாடி. ஆனால் ஒருத்தரும் பதினைந்து விநாடியில் நகர்றதில்லை. புத்தகத்தை வாங்கி நெஞ்சோடு அணைச்சுக்கிட்டு, பின்னாடி நிற்கிறவங்களை ஒரு தடவை திரும்பிப் பார்த்துட்டு, குனிஞ்சு மெதுவா ஏதோ சொல்ல ஆரம்பிப்பாங்க. பாதிப் பேர் அந்தப் புத்தகத்தைப் பற்றியே பேச மாட்டாங்க. "எங்கப்பாவும் இப்படித்தான் சார்." "எனக்கும் இதே நடந்துச்சு மேடம்." எழுத்தாளர் பேனாவை மூடாமல் கேட்டுக்கிட்டே இருப்பார்.

ஒரு தடவை ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருத்தர், கையெழுத்து வாங்கின கையோடு என் ஸ்டாலுக்கு வந்தாங்க. பி.பி. 170-க்கு 100. "மாத்திரை எடுக்குறீங்களாம்மா?"ன்னு கேட்டேன். "எடுத்தேன் தம்பி, நிறுத்திட்டேன்." ஏன்? வீட்டுக்காரருக்கு வாரம் ரெண்டு நாள் டயாலிசிஸ். கூடப் போய்க் கூட வந்து, தன் மாத்திரை தீர்ந்துபோனதே மூணு மாசமா கவனத்தில் இல்லை. இந்தக் கதையை அந்த எழுத்தாளர்கிட்ட முழுசா சொல்லிட்டு வந்திருந்தாங்க. ஏன் அவர்கிட்ட சொன்னீங்கன்னு கேட்டதுக்கு, "அவரு கதையில ஒரு பொம்பளை இப்படித்தான் ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்திருப்பா. படிச்சதும் என்னைத் தெரிஞ்சவர் மாதிரி இருந்துச்சு" என்றார்கள். மூணு மாசத்தில் டயாலிசிஸ் யூனிட்டில் எத்தனை பேரைப் பார்த்திருப்பார்கள்? டாக்டர், நர்ஸ், டெக்னீஷியன். ஒருத்தரும் "நீங்க எப்படி இருக்கீங்க?"ன்னு கேட்கலை. நோயாளி அவர் இல்லையே.

இதைப் படிச்சுட்டு "டாக்டர்களே மோசம்"னு கிளம்பிடாதீங்க. கணக்கைப் பாருங்க. 1984-ல் அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கல் என்று இரண்டு ஆய்வாளர்கள் ஓர் ஆய்வு செய்தார்கள். நோயாளி தன் பிரச்சினையைச் சொல்ல ஆரம்பித்து சராசரியாக 18 விநாடியில் டாக்டர் குறுக்கே பேசிவிடுகிறார் என்று அதில் தெரிந்தது. 2017-ல் பல நாடுகளை ஒப்பிட்டு இன்னொரு ஆய்வு வந்தது. ஒரு நோயாளிக்கு டாக்டர் தருகிற நேரம் ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கு மேல், வங்கதேசத்தில் 48 விநாடி. நம்ம நாட்டுக்கு வந்த கணக்கு இரண்டு நிமிடத்தைச் சுற்றித்தான். ஓ.பி.யில் ஒரு டாக்டருக்கு நூற்றைம்பது சீட்டு குவிஞ்சிருந்தா, எவ்வளவு நல்ல மனுஷனா இருந்தாலும் அவரால் வேறு எப்படிச் செய்ய முடியும்? ஆட்களைப் போட வேண்டியவங்க போடணும். அது தனி த்ரெட்.

நான் சொல்ல வர்றது இதுதான். சொல்ல இடமில்லாத பேச்செல்லாம் எங்காவது போய்ச் சேரணும். அதில் ஒரு பங்கு அந்தக் கையெழுத்து மேசைக்குப் போகுது. அதை கிரேஸ்னு சிரிச்சா எப்படி?

ஆனால் கேட்கிறவர் உடம்பு என்ன ஆகும்னு யாராவது யோசிச்சோமா? இதற்கு நாடித்துடிப்புக் கணக்கோடு பழைய கேஸ் ஒன்று இருக்கு. சார்லஸ் டிக்கன்ஸ். 1858-லிருந்து ஊர் ஊராகப் போய் தன் நாவல்களைக் காசுக்கு வாசித்துக் காட்டினார். 1867 டிசம்பரிலிருந்து அடுத்த ஏப்ரல் வரை அமெரிக்காவில் எழுபதுக்கும் மேற்பட்ட மேடைகள். கூட்டமும் பணமும் கொட்டியது. அவருக்கோ சளி விடவில்லை, சாப்பாடு இறங்கவில்லை. ஊர் திரும்பியும் நிறுத்தாமல் மறுபடி சுற்றக் கிளம்பினார். 1869 ஏப்ரலில் பக்கவாதத்தின் அறிகுறிகள் தெரிந்தன. ஃபிராங்க் பியர்ட் என்கிற அவருடைய டாக்டர் ரயில் ஏறி பிரஸ்டன் நகரத்துக்கே போய், அன்றைய நிகழ்ச்சியை நிறுத்தி, சுற்றுப்பயணத்தையும் முடித்துவைத்தார். அப்படியும் மனுஷன் கேட்கவில்லை. 1870-ல் லண்டனில் விடைபெறும் வாசிப்புகள். பியர்ட் கூடவே இருந்து நாடி பார்த்தார். சாதாரணமாக 72-ல் இருக்கிற துடிப்பு, வாசித்து முடிக்கும்போது 110-ஐத் தாண்டும். மார்ச்சில் கடைசி மேடை, மூளையில் பக்கவாதம் வந்து ஜூன் 9-ல் மரணம். வயது 58. வாசிப்புதான் கொன்றதுன்னு நான் டெத் சர்டிபிகேட் எழுத மாட்டேன். ஆனால் அந்தப் பேஷன்ட்டை எந்த டாக்டரும் மேடை ஏற விட்டிருக்கக் கூடாது.

நம்ம எழுத்தாளர்களுக்கு அந்த வருமானமும் கிடையாது. ராயல்டி வழக்கமாக 10 சதவீதம் என்பார்கள். 200 ரூபாய் புத்தகம் முப்பது கையெழுத்துப் போட்டால் 600 ரூபாய், அதுவும் வருஷக் கணக்கு முடிச்சு கைக்கு வந்தால். போக வர பஸ் காசு பல இடத்தில் அவர் கையிலிருந்துதான். மேடையில் சால்வை போர்த்துவாங்க. வேர்க்கிற ஊரில் சால்வையை வெச்சுக்கிட்டு என்ன செய்றதுன்னு நானும் யோசிச்சிருக்கேன்.

எங்க ஊர்க்காரன்ங்கிற பெருமையில் ஒண்ணு சொல்றேன். எழுத்தாளரும் வாசகரும் மேசை போடாமலே சந்திக்கலாம்னு திருவண்ணாமலைக்கு ரொம்ப நாளாத் தெரியும். பவா செல்லதுரை மின்வாரியத்தில் வேலை பார்த்துக்கொண்டே 'முற்றம்' கூட்டங்களை நடத்தி எழுத்தாளர்களை இந்த ஊருக்கு வரவழைத்தார். பிக் பாஸில் பார்த்துத்தான் அவரைத் தெரியும்னு சொல்ற தம்பிகளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், அதற்கு முன்னாடி பல வருஷம் அவர் வீடே வாசகர்கள் வந்துபோகிற இடம்தான். அவரும் கே.வி.ஷைலஜாவும் நடத்துகிற வம்சி புக்ஸிலிருந்துதான் ஜெயமோகனின் 'அறம்' தொகுப்பு 2011-ல் வந்தது. அதில் வருகிற 'யானை டாக்டர்', வனத்துறைக் கால்நடை மருத்துவர் டாக்டர் வி.கிருஷ்ணமூர்த்தியை வைத்து எழுதிய கதை. அதை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்று ஆசிரியர் விட்டுவிட, வாசகர்களே அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார்கள். எனக்கும் அப்படி இலவசமாத்தான் கிடைச்சது. மனுஷ டாக்டர்கள் நாம் எல்லாரும் படிக்க வேண்டிய கதை. கோவையில் 2010-லிருந்து விஷ்ணுபுரம் விருது விழா நடக்குது. அங்கே எழுத்தாளரை உட்கார வைத்து, வாசகர்கள் மணிக்கணக்கில் கேள்வி கேட்பதற்கென்றே தனி அமர்வுகள் வைக்கிறார்கள். உரை குறைவு, உரையாடல் அதிகம். இப்போ மாவட்டத்துக்கு மாவட்டம் புத்தகத் திருவிழா வந்தாச்சு, ரொம்ப சந்தோஷம். ஆனால் அதில் பெரிய பந்தல் மேடைப் பேச்சாளருக்கு, ஓரத்து பிளாஸ்டிக் நாற்காலி எழுத்தாளருக்கு.

இன்னொரு பக்கமும் இருக்கு. எழுத்தாளரும் ஊரும் முகத்துக்கு முகம் சந்திப்பது எல்லா நேரமும் கையெழுத்தோடு முடிவதில்லை. எங்க ஊரில் கார்த்திகை தீபத்தன்னைக்கு மட்டும், மலையில் தீபம் ஏற்றுவதற்கு முன்னாடி, அர்த்தநாரீஸ்வரர் சில நிமிஷம் வெளியே வருவார். லட்சக்கணக்கில் ஜனம் அந்த நிமிஷத்துக்காகக் காத்திருக்கும். திருச்செங்கோட்டில் அவர்தான் மூலவர், மாதொருபாகன். அந்தப் பெயரில் பெருமாள்முருகன் 2010-ல் எழுதிய நாவல், குழந்தை இல்லாத காளி, பொன்னா என்கிற தம்பதியைப் பற்றியது. 2014 டிசம்பரில் எதிர்ப்பு கிளம்பியது. நாவலில் சில பக்கங்களை மட்டும் நகலெடுத்துக் கொடுத்தார்கள். பிரதிகளைக் கொளுத்தினார்கள். 2015 ஜனவரி 12-ல் நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் 'அமைதிப் பேச்சுவார்த்தை' என்று உட்கார வைத்து, நிபந்தனையில்லாத மன்னிப்புக்கு அவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். அதுவும் ஓர் எழுத்தாளர் கையெழுத்துத்தான். அதற்கப்புறம்தான் தனக்குள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவர் அறிவித்தார். 2016 ஜூலை 5-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்று, எழுதச் சொன்னது. ஆகஸ்டில் டெல்லியில் மறுபடி மேடை ஏறினார்.

இதை ஏன் இழுக்கிறேன்னா, அந்த நாவலின் நோயாளிகள் தினமும் எங்க ஓ.பி.யில் இருக்காங்க. கல்யாணமாகி எட்டு வருஷம், பத்து வருஷம். பெண் மட்டும் தனியாக வருவார். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் அவருக்கே. "வீட்டுக்காரரையும் ஒரு டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டு வாங்கம்மா" என்றால் தலை குனிந்துவிடும். ஏறக்குறைய பாதி ஜோடிகளில் ஆண் பக்கக் காரணமும் இருக்கும்னு எத்தனை தடவை சொல்றது? விசேஷ வீட்டில் முன்னால் நிற்க விடாமல் ஒதுக்கப்பட்ட ஒரு பெண், அந்த நாவலைக் கையில் வைத்துக்கொண்டு அவர் மேசை முன்னால் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்கள் சொன்னதையா சொல்லியிருப்பார்? நகலெடுத்த நாலு பக்கத்தை மட்டும் பார்த்தவரும் முழுப் புத்தகத்தைப் படித்தவரும் ஒரே ஆள் இல்லைங்க. கையெழுத்து வரிசையில் நிற்கிறவர் பெரும்பாலும் படிச்சவர். அதனாலேயே அந்த வரிசைக்கு நான் மரியாதை கொடுக்கிறேன்.

சரி, என்னதான் செய்யணும்ங்கிறீங்க?

விழா நடத்துறவங்க மேடையில் ஓர் உரையைக் குறைச்சுட்டு, அந்த ஒரு மணி நேரத்தை எழுத்தாளர் மேசைக்குக் கொடுங்க. மேசைக்கு இந்தப் பக்கமும் ஒரு நாற்காலி போடுங்க, வாசகர் உட்கார்ந்து பேச. எழுத்தாளருக்குப் போக்குவரத்து, தங்க ரூம், கவரில் ஒரு தொகை. சால்வைக் காசை மிச்சம் பிடிச்சாலே பாதி வந்துடும். அறுபது வயதுக்கு மேல் சுகரோடு இருக்கிறவரை மூணு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார வைக்காதீங்க, நடுவில் எழுந்து நடக்க விடுங்க, சாப்பாட்டு நேரத்தைத் தள்ளாதீங்க.

வாசகர்களே, தாராளமா பேசுங்க. புத்தகத்தில் எந்த இடம் உங்களைப் பிடிச்சு நிறுத்துச்சோ அதைச் சொல்லுங்க. செல்ஃபி ஒண்ணு போதும். உங்க கவிதை நோட்டை அங்கேயே திறந்து திருத்தக் கொடுக்காதீங்க, பின்னாடி நாற்பது பேர் நிற்கிறாங்க. மனசில் பாரம் இருந்தா அதையும் சொல்லுங்க, தப்பே இல்லை. ஆனால் அவர் உங்க டாக்டர் இல்லை. அவர் கேட்பார், கண் கலங்குவார், மறுநாள் வேற ஊருக்குப் போயிடுவார். உங்க மாத்திரை தீர்ந்ததை அவரால் நிரப்ப முடியாது.

எழுத்தாளர்களுக்கும் ஒரு விஷயம், டாக்டரா சொல்றேன். எதிரே நிற்கிறவர் "வாழவே பிடிக்கலை"ன்னு சொன்னா பேச்சை மாத்தாதீங்க. "தற்கொலை பண்ணிக்கணும்னு தோணுதா?"ன்னு நேராவே கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோன்னு எல்லாருக்கும் பயம். அப்படி ஆகாது, கேட்டால் அவருக்குப் பேச வழி கிடைக்கும். "ஆமா"ன்னா அவரைத் தனியா அனுப்பாதீங்க. கூட வந்தவரைக் கூப்பிடுங்க, பக்கத்து மருத்துவ ஸ்டாலில் எங்களைக் கூப்பிடுங்க. 14416 டெலி மானஸ், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். 104-க்கும் அடிக்கலாம். அந்த நம்பரை ஒரு சின்னச் சீட்டில் அச்சடிச்சுக் கையெழுத்து மேசையில் புத்தகக் குறியாக வெச்சா ஒரு பதிப்பாளருக்கு என்ன செலவாகும்?

மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கு. சீட்டு இலவசம். காலையிலேயே வந்துடுங்க. வரிசை இருக்கும், அதுக்கு நான் உத்தரவாதம். அந்தக் கையெழுத்துப் போட்ட புத்தகத்தையும் எடுத்துட்டு வாங்க, உட்கார்ந்து படிக்க ஆகும்.