குளத்துக்குப் பெயர் வந்தது, காவல் யார்?

வரித்தலை வாத்து என்று ஒரு பறவை. மங்கோலியா, திபெத் போன்ற குளிர் நாடுகளில் குஞ்சு பொரிக்கும். பனிக்காலம் நெருங்கியதும் இமயமலையைத் தாண்டித் தெற்கே பறந்து வரும். அந்த வாத்துகள் திருப்பூரிலும் வந்து இறங்கியிருக்கின்றன. எங்கே தெரியுமா? நஞ்சராயன் குளத்தில்!

சுமார் 310 ஏக்கரில் விரிந்து கிடக்கிறது இந்தக் குளம். நல்லாற்று நீர் வந்து சேருகிறது. முற்காலத்தில் நஞ்சராயன் என்ற மன்னர் இதைச் செப்பனிட்டதால் இப்பெயர் வந்தது என்பார்கள். சுமார் 190 வகைப் பறவைகள் இங்கே காணப்பட்டுள்ளன.

ஊரில் உள்ள பறவை ஆர்வலர்கள் விடியற்காலையில் எழுந்து வந்து, பல ஆண்டுகள் இப்பறவைகளைக் கணக்கெடுத்தார்கள். குளத்தைக் காக்க வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். கூலி வாங்காத உழைப்பு அது!

2022-ல் தமிழக அரசு இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024-ல் ராம்சார் பட்டியலிலும் இது இடம் பெற்றது. குளம், ஏரி, சதுப்பு நிலங்களைக் காப்பதற்காக 1971-ல் ஈரான் நாட்டு ராம்சார் நகரில் உலக நாடுகள் செய்த ஒப்பந்தத்தின் பட்டியல் அது.

பெயர் வந்துவிட்டது. ஆனால், பெயர்ப்பலகை குப்பை பொறுக்காது!

நொய்யல் ஆறு கற்றுத் தந்த பாடத்தைத் திருப்பூர் மறக்கலாமா? பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவு தேங்கியது. "இந்தத் தண்ணீர் வேண்டாம்" என்று விவசாயிகளே மறுத்தார்கள். கடைசியில், சாயப்பட்டறைகளை மூடும்படி 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. முதலாளியும் தவித்தார், தொழிலாளியும் தவித்தார். நீர் கெட்டால் பிழைப்பும் கெடும்!

கழிவு நீரைத் தடுப்பது அரசின் கடமை. ஆலை நடத்துவோரின் கடமை. அதை விடாமல் கேட்க வேண்டியது மக்களின் கடமை. மக்களின் கையிலேயே இருக்கும் வேலையும் உண்டு. பிளாஸ்டிக் பை, பனியன் வேஸ்ட், நைலான் நூல் எதையும் கரையில் போடக்கூடாது. நூல் காலில் சிக்கினால் பறவை பறக்க முடியாது.

பனியன் கம்பெனிக்கு விடுமுறை விடும் ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரம் போதும். வனத்துறையிடம் அனுமதி கேட்டு, கையுறையும் சாக்கும் எடுத்துக்கொண்டு, குடும்பத்தோடு கரையைச் சுத்தம் செய்யலாம். கூச்சல் வேண்டாம், கூடுகளின் அருகே போக வேண்டாம்.

விருந்தாளி வருமுன் வாசலைப் பெருக்குவது தமிழர் வழக்கம். இமயத்தைத் தாண்டி வரும் விருந்தாளிக்கும் அந்த மரியாதை உண்டல்லவா?