கண்ணீரும் கணக்கும்

“கொடுத்தாயிற்று, வாங்கியவன் அதை எப்படிச் செலவிட்டான் என்பது அவனுக்கும் இறைவனுக்கும் இடையே உள்ள வழக்கு” என்று கூறுவோர் நம்மிடையே மிகுதி. கேட்பதற்கு இது பெருந்தன்மையாக ஒலிக்கிறது. உண்மையில் இது பொறுப்பைத் தட்டிக் கழித்தலே ஆகும். ரமலான் பிறை தோன்றியதும் கைப்பேசி வழியே வந்து குவியும் உதவி வேண்டுகோள்களைக் காணுங்கால், இந்தப் போக்கை மறுத்துரைக்காமல் இருக்க இயலவில்லை.

இதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 2012 மார்ச் 5ஆம் நாள், அமெரிக்காவின் ‘இன்விசிபிள் சில்ட்ரன்’ என்னும் தொண்டு நிறுவனம் ‘கோனி 2012’ என்ற அரைமணி நேரப் படத்தை இணையத்தில் வெளியிட்டது. உகாண்டாவின் வடபகுதியில் கிளர்ச்சிப் படை நடத்தி, சிறுவர்களைக் கடத்தித் துப்பாக்கி ஏந்தச் செய்து, சிறுமியரை அடிமைப்படுத்திய ஜோசப் கோனி என்பவனைப் பிடிக்க வேண்டும் என்பதே அதன் முழக்கம். ஆறே நாட்களில் அப்படம் 10 கோடி முறை பார்க்கப்பட்டது. சுவரொட்டியும் கைவளையும் அடங்கிய பெட்டி 30 டாலருக்கு விற்கப்பட்டது. உலகெங்கும் இளைஞர்கள் கண்ணீர் மல்கக் காசு கொடுத்தனர்.

கோனி கொடியவன் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் 2005லேயே அவன்மீது பிடியாணை பிறப்பித்திருந்தது. ஆயினும் ஒருவன் கொடியவன் என்பதாலேயே, அவனை எதிர்த்துப் பணம் திரட்டுவோரின் வழி நேரானதாகிவிடுமா?

முதலாவது, அப்படம் சொன்னது பாதி உண்மையே. கோனியின் படை 2006 அளவிலேயே உகாண்டாவை விட்டு அகன்று, காங்கோ முதலிய அண்டை நாடுகளின் காடுகளுக்குள் சென்றுவிட்டது. படம் அதனைப் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிக் கடந்தது. மேலும், உகாண்டா அரசு அச்சோலி மக்களை முகாம்களில் அடைத்து வைத்திருந்த காலத்தில், அங்கு நோயாலும் வன்முறையாலும் வாரந்தோறும் சுமார் 1,000 பேர் கூடுதலாக மடிந்தனர் என்று அந்நாட்டுச் சுகாதார அமைச்சகமும் உலக சுகாதார நிறுவனமும் 2005இல் நடத்திய ஆய்வு கணித்தது. அந்தத் துயரத்தை அப்படம் விரித்துக் காட்டவில்லை. வில்லன் ஒருவன் போதும் என்றிருப்போருக்கு முகாம்களின் கதை இடைஞ்சலாகத்தானே இருக்கும்?

இரண்டாவது, அது கேட்ட தீர்வு படைபலம். 2008 டிசம்பரில் அமெரிக்க உதவியுடன் உகாண்டா இராணுவம் கோனியின் பாசறையைத் தாக்கியது. கோனி தப்பினான். பழிவாங்கப் புறப்பட்ட அவனுடைய ஆட்கள் அடுத்த சில வாரங்களில் காங்கோவின் சிற்றூர்களில் நூற்றுக்கணக்கானோரை வெட்டிச் சாய்த்தனர். போரில் இறங்குமாறு தொலைவிலிருந்து கேட்பவன் தன் பணத்தை மட்டுமே பணயம் வைக்கிறான். உயிரைப் பணயம் வைப்பவன் அந்தக் காட்டோரத்து ஏழை.

மூன்றாவது, எவருக்காக அழுதார்களோ அவர்களையே கேட்கவில்லை. அதே மார்ச் மாதம் 13ஆம் நாள், வட உகாண்டாவின் லிரா நகரில் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் அப்படம் காட்டப்பட்டபோது, மக்கள் கொதித்தெழுந்தனர், கற்கள் பறந்தன. தம் பிள்ளைகளைப் பறித்தவனின் பெயரைச் சுவரொட்டியிலும் சட்டையிலும் கண்டு அவர்கள் மனம் புண்பட்டது.

பணக் கணக்கிலும் குறை கூறினர். 2011ஆம் நிதியாண்டில் அந்நிறுவனம் செலவிட்ட சுமார் 89 இலட்சம் டாலரில் ஏறத்தாழ 37 விழுக்காடே ஆப்பிரிக்காவில் நடந்த பணிகளுக்குச் சென்றது. எஞ்சியதில் பெரும்பகுதி படத் தயாரிப்புக்கும் பரப்புரைக்கும் நிர்வாகத்திற்கும் சென்றது. இங்கே நாம் நியாயம் தவறலாகாது. ஜகாத் பெற உரியோராகத் திருமறை வகுத்த எட்டு வகையினருள், அதனைத் திரட்டிப் பணியாற்றுவோரும் ஒரு வகையினர். எனவே ஊழியன் ஊதியம் பெறுவது குற்றமன்று. அந்நிறுவனம் தன் கணக்கை வெளியிட்டதும் பாராட்டுக்குரியதே. ஆனால் குழந்தையின் கண்ணீரைக் காட்டி வாங்கிய பணம் பெரும்பாலும் படத் தயாரிப்புக்கும் பரப்புரைக்கும் நிர்வாகத்திற்குமே போகும் என்று கொடுத்தவர் எத்தனை பேர் அறிந்திருந்தனர்? அமானிதத்தின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது. ஜகாத் திரட்டச் சென்ற ஒருவர் திரும்பி வந்து, “இது உங்களுடையது, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது” என்று பிரித்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி மக்கள் அறியக் கண்டித்தார்கள் என்ற வரலாற்றை நாம் மறக்கலாமா?

அந்நிறுவனமே செய்த வேறொரு பணி பயன் தந்தது. காங்கோவின் காட்டோரச் சிற்றூர்களில் வானொலிக் கருவிகளை நிறுவி, தாக்குதல் வருவதை ஊருக்கு ஊர் முன்கூட்டியே அறிவிக்கச் செய்தது. படையிலிருந்து தப்பி வீடு திரும்புமாறு வானொலியிலும் துண்டறிக்கைகளிலும் அழைப்பு விடுத்தது. அவ்வழைப்பை ஏற்றுத் திரும்பியோர் பலர். ஆரவாரமற்ற அந்தப் பணிக்கு நம் காசு போயிருந்தால் மனம் நிறைந்திருக்கும். கோனியோ இன்றளவும் பிடிபடவில்லை. 2025 செப்டம்பரில் அவன் இல்லாமலேயே அவன்மீதான குற்றச்சாட்டுகளை நீதிமன்றம் விசாரிக்க வேண்டியதாயிற்று.

இவற்றையெல்லாம் காட்டி, “ஆகவே எவருக்கும் கொடுக்க வேண்டாம்” என்று பையின் வாயைக் கட்டிக்கொள்வோரை நாம் இன்னும் வன்மையாகக் கண்டிக்கிறோம். ஏமாந்தவன் நன்மையை நாடினான். இவர்களோ கஞ்சத்தனத்திற்கு அறிவு என்று பெயர் சூட்டுகிறார்கள். ஐயம் எழுந்தால் விசாரிக்க வேண்டும்; விசாரித்தபின் கொடுக்க வேண்டும். கணக்கு எங்கே? உதவி பெறுவோர் என்ன சொல்கிறார்கள்? கேட்கும் தீர்வால் எவருக்குத் தீங்கு நேரும்? இம்மூன்றுக்கும் விடை தராதவர் எத்துணை உருக்கமாக அழைப்பினும் நம் ஜகாத்துக்கு உரியவரல்லர்.

இதனை அயலாருக்கு மட்டும் சொல்லி நாம் தப்பிவிட முடியாது. நம் மஹல்லாவில் திரட்டும் நிதியின் வரவு செலவு, ஆண்டுக்கு ஒருமுறையேனும் பள்ளிவாசல் சுவரில் எழுதி ஒட்டப்படட்டும். கேட்பவனைப் பகைவனாகப் பார்க்கும் நிர்வாகிகள், மறுமையில் கேட்கப்படும் நாளை நினைத்துப் பார்க்கட்டும்.