நடக்கவும் நேரம் வேண்டும்



மாரடைப்பு வந்து வைத்தியசாலையில் கிடந்து வீடு திரும்பும் தொழிலாளிக்கு இரண்டு கட்டளைகள் காத்திருக்கின்றன. "அசையாமல் இரு" என்கிறார்கள் வீட்டார். "வேலைக்கு வா, இல்லாவிட்டால் பேர் இல்லை" என்கிறது தோட்டம். இரண்டுமே அவருடைய இருதயத்துக்குக் கேடு.

இரத்தக் குழாயின் உட்புறத்தில் மெல்லிய படலம் ஒன்று உண்டு. இரத்தம் விரைந்து ஓடும்போது அது நைத்திரிக் ஒட்சைட்டு என்ற வாயுவை வெளியிட்டுக் குழாயை விரியச் செய்கிறது. இருதய நோயாளியிடம் இந்தப் படலம் நலிந்திருக்கும். விரியவேண்டிய குழாய் சுருங்கும்.

ஜெர்மனியின் லைப்சிக் நகர வைத்தியர்கள் 10 நோயாளிகளை 4 வாரம் கண்காணிப்பில் உடற்பயிற்சி செய்ய வைத்து, 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். அவர்களின் இருதயக் குழாய்கள் அப்படிச் சுருங்குவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. பயிற்சி செய்யாத 9 பேரிடம் அந்த முன்னேற்றம் இல்லை. ஆய்வு சிறியதுதான், பின்வந்த ஆய்வுகளும் பயிற்சியின் நன்மையையே காட்டின. பயிற்சியை விட்டால் ஒரு மாதத்திலேயே பலன் போய்விடும் என்பதும் தெரியவந்தது.

"நாள் முழுக்க உழைக்கிறோமே, அது போதாதா?" என்று கேட்பீர்கள். போதாது. தேங்காய் மூட்டை தூக்குவதும், வெயிலில் அலவாங்கில் உரிப்பதும் மூச்சை அடக்கி, இரத்த அழுத்தத்தைத் திடீரென ஏற்றும் வேலைகள். பயிற்சி என்பது குறைவாகத் தொடங்கி, சிறிது சிறிதாகக் கூட்டி, விடாமல் செய்வது. வெயில் ஏறமுன், வாவிக்கரையோரம், பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில் நடப்பது நல்ல தொடக்கம்.

ஆனால் கிளினிக் வைத்தியரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். மாத்திரைகளை நிறுத்தாதீர்கள். நடக்கும்போது நெஞ்சு வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ, தலை சுற்றினாலோ உடனே நின்று உட்காருங்கள். வலி தணியாவிட்டால் 1990 அம்புலன்சை அழையுங்கள்.

நடப்பதற்குக் காசு தேவையில்லை, நேரம் தேவை. அந்த நேரம்தான் நம்மிடம் இல்லை. ஆகவே தோட்ட நிர்வாகங்களிடம் நாம் கேட்பது இவை: வைத்தியரின் கடிதத்தோடு வருபவருக்குச் சம்பளம் குறையாத இலகு வேலை, கிளினிக் நாளுக்கு அரைப்பேர் அல்ல, முழுப்பேர், பாரம் தூக்கும் வேலைக்குத் திரும்புமுன் வைத்தியரின் சம்மதம்.

கிளைத் தலைவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. நோயிலிருந்து எழுந்தவரைத் தனியே நடக்க விடாதீர்கள். கூட ஒருவர் நடக்கட்டும். சங்கம் என்பதும் அதுதானே.