நடப்பவர்க்கும் வீதியில் பங்குண்டு

பெயரிலேயே மலையை வைத்திருக்கும் ஊர் எமது திருக்கோணமலை. கண்டி, அற்றன் போன்ற மலைநாடு இதுவல்ல என்பது உண்மையே. ஆயினும் கோணேசர் கோவில் இருப்பது ஒரு மலையில். மாகாண சபை அலுவலகங்கள் இருப்பது உவர்மலையில். நிலாவெளிக் கரையில் நின்று பார்த்தால் கடலுக்குள் தெரிவது புறாமலை. இந்நகரிலே சிறுபராயத்தைக் கழித்த எம் போன்றோர் அதன் ஏற்ற இறக்கங்களைக் கால்களாலேயே அறிந்துகொண்டோம். உவர்மலை ஏற்றத்தில் சைக்கிள்காரரும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார். ஐயாயிரம் ரூபா சம்பளக்காரரும் அரைக் காற்சட்டைப் பொடியனும் அந்த இடத்தில் ஒரே வேகத்தில் போவார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு நடை, சங்கக் கடைக்கு நடை, மீன் வாங்க நடை, திருவிழா பார்க்க நடை. பெரும்பாலான வீடுகளில் ஒரு சைக்கிளே இருந்தது. அதுவும் தகப்பன் வேலைக்குப் போவதற்கு. வெள்ளிக்கிழமை மாலைகளில் அயல்வீட்டு அம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கோட்டை வாசலால் நுழைந்து கோணேசர் கோவிலுக்கு ஏறியதுண்டு. வழியில் நிற்கும் புள்ளிமான்களுக்கு நாம் கொண்டுபோன வாழைப்பழத்தில் பாதி போய்விடும். இராவணன் வெட்டை எட்டிப் பார்க்க விடமாட்டார். சேலைத் தலைப்பை எமது கையில் சுற்றிவிடுவார். கத்தோலிக்க வீட்டுப் பிள்ளையை அவர் கூட்டிப்போவதை எவரும் பெரிதாக எடுத்ததில்லை. நடந்து போகும் பிள்ளை ஊருக்கே பொதுப்பிள்ளை. "ஆற்றை பிள்ளை தம்பி நீ? இந்த வெயிலுக்க எங்க போறாய்?" என்று மீன்பெட்டி சுமந்து வரும் ஆச்சியும் கேட்பார், தேநீர்க்கடை நானாவும் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே நாம் ஊரைப் படித்தோம்.

இவையெல்லாம் இனிமையான காலத்து நினைவுகள் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். 1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது எமக்குப் பத்து வயது. அதன் பின் நடை என்பது வேறொன்றாயிற்று. கிராமங்களிலிருந்து மூட்டையோடும் கைக்குழந்தையோடும் நடந்து வந்தவர்களைக் கண்டோம். சோதனைச் சாவடி வந்தால் பஸ்ஸில் இருப்பவரும் இறங்கி நடந்துதான் மறுபக்கம் ஏறவேண்டும். வரிசையில் நிற்கும்போது யாரோடும் பேசாதே, ஓடாதே, கையை வெளியில் வைத்திரு என்று வீட்டில் சொல்லித் தந்தார்கள். பிள்ளைகளுக்கு ஓடாமல் நடக்கக் கற்றுக்கொடுத்த காலம் அது.

2009 இல் போர் ஓய்ந்தது. அதன் பின் திருக்கோணமலை – புல்மோட்டை வீதி அகலமாக்கப்பட்டுக் காப்பெற் இடப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. இவற்றை நாம் குறைகூற வரவில்லை. பிரசவ வேதனையோடு நகரத்து ஆசுபத்திரிக்குப் போகும் ஒரு தாய்க்கு நிலாவெளியிலிருந்து பதினைந்து கிலோமீற்றர் என்பது முன்பு எவ்வளவு தூரம், இன்று எவ்வளவு தூரம் என்பதை இப்பகுதியில் பணிபுரியும் நாம் நன்கறிவோம். கேள்வி வேறு. அகலமாக்கப்பட்ட வீதியில் நடப்பவருக்கு எவ்வளவு கிடைத்தது?

சாம்பல்தீவு தாண்டி நிலாவெளிக்கு வரும் வழியில் காலை ஏழு மணிக்கு நின்று பாருங்கள். காப்பெற் முடியும் இடத்தில் மணல். மணல் முடியும் இடத்தில் மதில் அல்லது முட்கம்பி. இடையிலுள்ள ஒரு முழத்தில் வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகப் போகிறார்கள். உல்லாசப் பயணிகளை ஏற்றிய வான்கள் அவர்களின் புத்தகப் பையை உரசாத குறையாகப் பறக்கின்றன. வசதியுள்ள பெற்றோர் முச்சக்கர வண்டி பிடிக்கிறார்கள், இல்லாதவர் கடன்பட்டாவது மோட்டார் சைக்கிள் வாங்குகிறார்கள். அரைக் கிலோமீற்றர் தூரத்துப் பள்ளிக்கும் அப்படித்தான். பிள்ளைகள் சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்று முதியோர் குறைப்படுகிறார்கள். எமக்கு அது நியாயமாகப் படவில்லை. தாய்மார் பயப்படுகிறார்கள்; பயப்படக் காரணமிருக்கிறது.

இதைவிடக் கவலைக்குரியது கடலுக்குப் போகும் ஒழுங்கைகளின் நிலை. பெரிய வீதியிலிருந்து கரைக்கு இறங்கும் பாதைகள் முன்பு பலவாக இருந்தன. கரைவலை இழுப்பவர்கள், மீன் வாங்கப் போகும் பெண்கள், மாலையில் காற்று வாங்கப் போகும் முதியவர்கள் யாவருக்கும் அவை உரியன. 2004 டிசெம்பர் 26 இல் கடல் பொங்கி வந்தபோது மேட்டுப் பக்கம் ஓடுவதற்கும் இத்தகைய ஒழுங்கைகள்தான் வழி. அதன் பின் வடக்குக் கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் எவரும் கட்டக்கூடாது என்றார்கள். ஓராண்டுக்குள் அவ்விதி தளர்ந்தது. தளர்ந்த இடத்தில் மீனவனின் கொட்டிலை விட விடுதியின் மதில்தான் விரைவாக எழுந்தது. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், உயர் நீர்மட்டத்திலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம் என்கிறது. அதற்குள் கட்டுவதற்கு அனுமதி வேண்டும். அனுமதி கொடுக்கும்போது ஒழுங்கை எங்கே என்று கேட்பதற்கு யாருமில்லை.

நடை ஏழைகளின் அவலம், அபிவிருத்தி வந்தால் அது தானாக ஒழியும் என்று கூட்டங்களில் சொல்லப்படுவதைக் கேட்டிருக்கிறோம். 2022 ஆம் ஆண்டு அதற்குப் பதில் சொல்லிவிட்டது. சீனன்குடாவில் உலகப்போர்க் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கின்ற எமது மாவட்டத்திலேயே, ஒரு போத்தல் பெற்றோலுக்காக மக்கள் இரவிரவாக வரிசையில் கிடந்தார்கள். அப்போது ஆசிரியர்களும் தாதியரும் எழுதுவினைஞர்களும் சைக்கிளை எடுத்தார்கள், அல்லது நடந்தார்கள். வீதி ஓரத்தில் நிழலில்லை என்பதைப் பலர் முதன்முறையாகக் கண்டதும் அந்த மாதங்களில்தான். பிறகு கியூ.ஆர். அட்டை வந்தது, எரிபொருள் வந்தது, நிழல் மறந்துபோயிற்று.

மலையக மக்களின் முன்னோர் தலைமன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தே போனவர்கள். வழியில் மாண்டவர்கள் எண்ணற்றோர். அந்த 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து 2023 யூலை முதல் ஆகஸ்ட் வரை அதே வழியில் மக்கள் நடந்தபோது நாடு திரும்பிப் பார்த்தது. ஆனால் தோட்டத்து லயத்திலிருந்து பள்ளிக்கு ஏறி இறங்கும் பிள்ளை இன்றும் நாள்தோறும் நடக்கிறது. அதைப் பார்க்க எவரும் வருவதில்லை. எமது பக்கத்திலும் அப்படித்தான். குறிஞ்சாக்கேணியில் பாலவேலை நடந்துகொண்டிருந்த காலத்தில், 2021 நவம்பர் 23 அன்று கடவைப் படகு கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் மாண்டார்கள். வாகனம் ஓடுவதற்கான பாலத்துக்குத் திட்டம் இருந்தது. அது முடியும்வரை பிள்ளைகள் எப்படிக் கடப்பார்கள் என்பதற்குத்தான் ஒழுங்கான ஏற்பாடு இருக்கவில்லை.

2023 மார்ச்சில் காலாவதியான உள்ளூராட்சி சபைகளுக்கு 2025 மே மாதம் தேர்தல் நடந்தது. பொதுப் பாதைகளைப் பேணுவது 1987 ஆம் ஆண்டின் சட்டப்படி பிரதேச சபைகளின் கடமை. ஆகவே எமது வாசகர்கள், குறிப்பாகக் கிராம அபிவிருத்திச் சங்கங்களிலும் மாதர் சங்கங்களிலும் இருப்பவர்கள், தத்தம் சபை உறுப்பினரை ஒரு நாள் காலை பள்ளி வேளையில் தம்மோடு நடக்க அழைக்கலாம். மகஜர் கொடுப்பதை விட இது பயன்தரும் என்பது எமது எண்ணம். பள்ளி அருகே ஒரு பக்கமாவது நான்கடி மண்பாதையை உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள். வேம்பு நடுவதாயின் மின்கம்பிக்கு விலக்கி நடச் சொல்லுங்கள். கடலுக்குப் போகும் ஒழுங்கைகளை மூத்தவர்களிடம் கேட்டு, பெயரோடும் அகலத்தோடும் ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாதைகளை அறிந்த மூத்தவர்கள் வருடாவருடம் குறைந்துகொண்டு போகிறார்கள். சென்ற மாதம் இப்பகுதியில் எம்மோடு நடந்த ஒரு கரைவலைச் சம்மாட்டி, ஒரு மதிலைக் கையால் தட்டிக் காட்டி, "இதுதான் ஃபாதர் எங்கட பாதை" என்றார்.