மெல்லிசு ஷூ போச்சு, மெத்தை ஷூ வந்தாச்சு! மலைப்பாதை ஓட்டத்தில் டிரெண்ட் மாறியது எப்படி?

அமெரிக்காவில் ஓட்டக்காரர்களுக்கான ஷூ கடைகளில் 15 வருஷத்துக்கு முன்னாடி ஒரே பேச்சுதான்: ஷூ மெல்லிசா இருந்தா நல்லது! 2009-ல் வெளியான 'பார்ன் டு ரன்' புத்தகம் இந்த அலையைக் கிளப்பியது. விரல் விரலாகப் பிரிந்த விப்ரம் ஷூக்கள் பரபரப்பாக விற்றன.

திருப்பம் எங்கே?

'காயம் குறையும்' என்ற விளம்பரத்துக்கு ஆதாரம் இல்லை என வழக்கு பாய்ந்தது. தவறை ஒப்புக்கொள்ளாமலேயே, 2014-ல் 37.5 லட்சம் டாலருக்கு விப்ரம் சமரசம் செய்தது.

அதே 2009-ல் பிரான்சின் அன்னசி நகரில் தொடங்கப்பட்ட நிறுவனம் ஹோகா. மலையிலிருந்து வேகமாக இறங்கி ஓடுவதற்காகவே, அடிப்பாகத்தை மெத்தை போல தடிமனாக்கியது. 'கோமாளி ஷூ' என்று கிண்டலடித்தார்கள். ஆனால் கடையில் போட்டுப் பார்த்தவர்கள் வாங்கினார்கள். மலைப்பாதை ஷூ, ரோட்டுக்கும் வந்தது. 2025 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் ஹோகாவின் விற்பனை 220 கோடி டாலரைத் தாண்டியது.

கடைகளுக்கு என்ன சிக்கல்?

இப்போது ஹோகா ஆன்லைனில் நேரடியாகவும் விற்கிறது. கடையில் போட்டுப் பார்த்துவிட்டு ஆன்லைனில் வாங்கினால், கடைக்காரருக்கு மிஞ்சுவது உழைப்பு மட்டுமே. டிரெண்ட் மாறினால், தேங்கும் ஸ்டாக்கும் அவர் தலையில்தான்.

மெல்லிசோ தடிமனோ, போட்டு நடந்து பார்த்து வாங்குறதுதான் காலுக்கு நல்லது. அதுக்கு அந்தக் கடை இருக்கணுமே!