சுண்ணாம்பு சொல்லும் பாடம்

பொருள்களின் மாற்றங்களைப் பற்றி மாணவரை வினவினால், பெரும்பாலோர் ஒரே மூச்சில் விடை கூறிவிடுவர்: "பௌதிக மாற்றம் மீளக்கூடியது, இரசாயன மாற்றம் மீளாதது." பனிக்கட்டி உருகுவது முன்னதற்கும், விறகு எரிவது பின்னதற்கும் சான்றுகளாக வந்து நிற்கும். தேர்வில் மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆயினும், இவ்விதி முழு உண்மையன்று. அம்மிக்கல்லை உடைத்துத் தூளாக்கினால் கல்லின் பொருள் சிறிதும் மாறுவதில்லை. ஆனால், அம்மி திரும்பி வருமோ? மாறாக, இரசாயன மாற்றம் அடைந்த பொருளொன்று தன் பழைய நிலையை எய்துவதைச் சுண்ணாம்பு பூசிய சுவரிலே காணலாம்.

சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் இட்டு, ஏறக்குறைய 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுடுகின்றனர். தூய கல் 100 கிலோகிராம் இட்டால், இறுதியில் கிடைப்பது 56 கிலோகிராமே. மற்ற 44 கிலோகிராம் எங்கே போயிற்று? கரியமில வாயுவாகிக் காற்றில் கலந்தது. எஞ்சிய சுட்ட சுண்ணாம்பின்மீது நீர் தெளித்தால், அது சீறிக் கொதித்து, ஆவி எழுப்பி, மாவாக உதிரும். இதனையே நீற்றுதல் என்பர். (கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு, ஆதலின், ஆசிரியர் மட்டுமே இதனைச் செய்து காட்டல் வேண்டும்.) நீற்றிய சுண்ணாம்பை நீரிற் கலந்து சுவரில் பூசுகிறோம். அது வெறுமனே உலர்வதோடு நிற்பதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது சிறிதாக ஏற்று, மீண்டும் பழைய கல்லின் பொருளாகவே ஆகிவிடுகிறது. காளவாயில் இழந்ததைச் சுவரில் இருந்தவாறே மீட்டுக்கொள்கிறது!

இதனைத் தராசு கொண்டு ஆராய்ந்தவர் ஸ்காட்லாந்தில் வாழ்ந்த ஜோசப் பிளாக் என்பார். நெருப்பிலிருந்து ஏதோ ஒன்று உட்புகுவதாலேயே சுட்ட சுண்ணாம்பு காரம் பெறுகிறது என்று அந்நாளில் பலரும் நம்பினர். பிளாக் நம்பவுமில்லை, மறுக்கவுமில்லை, நிறுத்துப் பார்த்தார். புகுந்திருந்தால் எடை கூடியிருக்க வேண்டுமல்லவா? அதுவோ பெரிதும் குறைந்திருந்தது. இழந்த வாயுவை மீண்டும் சேர்த்தபோது, ஏறத்தாழப் பழைய எடையே வந்தது. தம் ஆய்வை அவர் 1756-இல் வெளியிட்டார்.

நம் வகுப்புகளில் குறைவது இந்த நிறுத்துப் பார்த்தல்தான். "மீளுமா?" என்று கேட்பதை விடுத்து, "புதிய பொருள் தோன்றிற்றா? எடை எங்கே போயிற்று?" என்று மாணவர் கேட்கப் பழகுதல் வேண்டும் என்பது என் கருத்து. பாடங்களை முடிக்கவே நேரம் போதவில்லை என்பர் சிலர். அக்குறையில் உண்மை உண்டு. எனினும், பத்து விதிகளை நெட்டுருச் செய்யும் நேரத்தில் ஒரு பொருளை முழுதும் அறிந்துகொள்ளலாம். அதற்கு விலையுயர்ந்த கருவிகளும் வேண்டா. ஒரு தராசும் சிறிது சுண்ணாம்பும் போதும்.

தராசும் இல்லையெனின், சுண்ணாம்பு அடித்த பழைய சுவரிலிருந்து உதிர்ந்த சிறு துண்டின்மேல் எலுமிச்சைச் சாற்றைச் சில துளி விடுங்கள். நுரைத்து எழும் அந்தக் குமிழிகளுக்குள் இருப்பது, காளவாயிலிருந்து அன்று வெளியேறிய அதே வகை வாயுதான்.