தோற்ற பிள்ளையிடம் பேசும் முன்

ஒருவரின் மனத்தை ஒடிக்க வசவு தேவையில்லை. 'உனக்கெதுக்கு இந்த வேலை?' என்ற ஒரு கேள்வி போதும். 2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த 44-ஆவது செஸ் ஒலிம்பியாடை நினைத்துப் பாருங்கள். 16 வயது சதுரங்க வீரர் குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் வரிசையாக வென்றார். பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரவிடம், சாதகமாக இருந்த ஆட்டத்தைக் கைநழுவவிட்டார். தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போயிற்று. குகேஷ் ஆடிய இந்திய இரண்டாம் அணிக்கு வெண்கலம். அந்த ஒரு தோல்வியை வைத்து அவரை எடைபோட்டிருந்தால் அது எவ்வளவு பெரிய அநியாயம்! 2024-இல் புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் அணிக்கும் தங்கம், முதல் பலகையில் அவருக்கும் தங்கம். அதே ஆண்டு டிசம்பரில் சிங்கப்பூரில், 18 வயதில் உலகச் சாம்பியன்.

எல்லாப் பிள்ளைகளும் குகேஷ் ஆகிவிட மாட்டார்கள். அதற்காக அவர்களின் மனத்தை ஒடிக்கும் உரிமை நமக்கு வந்துவிடாது. தவறைச் சுட்டிக்காட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சதுரங்கத்தில் தோற்ற ஆட்டத்தை நகர்த்தல் நகர்த்தலாக மறுபடி ஆராய்வார்கள். எங்கே பிசகியது என்று தெளிவாகச் சொல்வார்கள். அந்தக் கண்டிப்பு நகர்த்தலின் மீது. பிள்ளையின் மீது அல்ல. 'இந்தக் கணக்கில் இங்கே தவறிவிட்டாய்' என்பது கற்பித்தல். 'உனக்குக் கணக்கே வராது' என்பது தீர்ப்பு. செங்கல்பட்டானாலும் கல்பாக்கமானாலும், மதிப்பெண் பட்டியலோடு வீட்டுக்கு வரும் பிள்ளைக்குத் தீர்ப்பு வேண்டாம். அடுத்த ஆட்டத்துக்கு வழி சொல்லுங்கள்.